முடிவு தெரிந்த பிறகும் பார்க்க வைக்கும் தொடர்கள்: சேலத்து ரசிகரின் நெடுநாள் அனுபவம்

ஒரு துப்பறியும் தொடர் நல்லதா இல்லையா என்பதை எங்கள் வீட்டில் ஒரே அளவுகோலை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் அதை மறுபடி உட்கார்ந்து பார்க்க முடிகிறதா என்பதே அந்த அளவுகோல். கேபிள் இணைப்பு வந்த காலத்திலிருந்து இன்றைய ஓடிடி காலம் வரை அம்மாவும் தாய்மாமாவும் நானும் சேலத்தில் இவ்வகைத் தொடர்களை விடாமல் பார்த்து வருகிறோம். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு: தடயத்தை நம் கண்முன் வைத்துவிட்டு, அதைப் பற்றி யோசிக்க அவகாசமும் தருகிற தொடரே நிலைக்கிறது, திடுக்கிட வைப்பதை மட்டும் நம்பியிருக்கும் தொடர் ஒருமுறையோடு தீர்ந்துவிடுகிறது.

அந்த அவகாசத்தை ஒரு காலத்தில் ஒளிபரப்பு முறையே கொடுத்தது. 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த மர்மதேசத்தின் ‘விடாது கருப்பு’ வாரம் ஒருமுறைதான் வரும். ஊரில் தப்பு செய்பவர்களைக் கருப்புசாமியே தண்டிக்கிறாரா, இல்லை அதன் பின்னால் மனிதக் கை இருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு, நம்பிக்கையையும் விசாரணையையும் சம பலத்தோடு நிறுத்தியது அந்தத் தொடர். ஒரு வாரம் முழுவதும் அதைப் பற்றிப் பேச ஆள் இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் மாமா நடத்திய வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலைக்கு நடுவிலேயே இரண்டு கட்சிகள் உண்டாகி, சாமிதான் என்று ஒரு கட்சியும் ஆள்தான் என்று மறு கட்சியும் அடுத்த ஒளிபரப்பு வரை வாதாடும். இயக்குநர் நாகாவும் கதையாசிரியர் இந்திரா சௌந்தர்ராஜனும் இரு தரப்புக்கும் போதுமான சான்றுகளைக் கொடுத்திருந்ததால்தான் அந்த வாதம் வாரக்கணக்கில் நீடித்தது.

இந்த ரசனை சேலத்துக்குப் புதிதும் அல்ல. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவுக்குள்ளிருந்துதான் 1966இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ ஆகிய ஜெய்சங்கரின் துப்பறியும் படங்கள் வந்தன. மாமாவின் வயதுக்காரர்கள் அந்தப் படங்களில் பழகிய கண்ணோடுதான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆனாலும் மாமாவை உண்மையில் கட்டிப்போட்டது அமெரிக்கத் தொடரான ‘கொலம்போ’. கசங்கிய மழைக்கோட்டும் பழைய காருமாக பீட்டர் ஃபாக் துப்பறிவாளர் கொலம்போவாக நடித்த அந்தத் தொடரைப் பின்னாளில் குறுந்தகடுகளில் பார்த்தோம். ஆங்கில வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கொலை நடப்பதையும் கொலையாளியின் முகத்தையும் தொடக்கத்திலேயே காட்டிவிடுவது அதன் முறை. 1971இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய பகுதியில், இருவராகச் சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதும் கூட்டாளிகளில் ஒருவன் மற்றவனை ஏரிக்கரை வீட்டுக்கு அழைத்துப் போய், அவனை அங்கிருந்தே மனைவிக்குத் தொலைபேசியில் பேச வைக்கிறான். கணவன் அலுவலகத்திலிருந்துதான் பேசுகிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடிக்கும் சத்தம் அவள் காதில் விழுகிறது. மாமா அங்கே நிறுத்தச் சொன்னார். “பொண்டாட்டிகிட்டயே ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்ல வெச்சுட்டான் பாரு கண்ணு. இனி அந்த அம்மாவே அவனுக்குச் சாட்சி.” கொலம்போ இன்னும் திரைக்கே வரவில்லை; அதற்குள் கொலையாளியின் திட்டம் முழுவதும் எங்கள் கையில் இருந்தது. இனி அது எந்த இடத்தில் பிசகும் என்று தேடுவதுதான் எங்கள் வேலை. மறைக்க எதுவும் இல்லாத கதையால் இவ்வளவு பதற்றத்தைத் தர முடியும் என்பதை அன்று கண்டுகொண்டோம்.

கைப்பேசி வந்தபின் அந்தக் கதையை அப்படியே எடுக்க முடியாது. பேசியவர் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தார் என்று காவல்துறை எளிதில் எடுத்துவிடும். இதை இழப்பாகக் கருதாமல் புதிய வழி தேடிய தொடர்களை நான் மதிக்கிறேன். 2010இல் பிபிசி தொடங்கிய ‘ஷெர்லாக்’, குறுஞ்செய்திகளையும் ஹோம்ஸின் கணிப்புகளையும் திரையிலேயே எழுத்துகளாக மிதக்கவிட்டு, அவர் பார்ப்பதை நாமும் அதே நொடியில் பார்க்கும்படி செய்தது. பின்பகுதிகளில் புதிரை விட நாயகனின் சொந்த வாழ்க்கை பெரிதாகிவிட்டது; எங்கள் வீட்டில் ஆர்வம் குறைந்ததும் அப்போதுதான்.

தமிழில் பெரிய மாற்றம் ஓடிடி வழியாக வந்தது. 2022இல் புஷ்கர்–காயத்ரி உருவாக்கத்தில் வெளியான ‘சுழல்’, ஒரு பெண் காணாமல் போவதையும் ஆலை ஒன்று தீப்பற்றுவதையும் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு பின்னியது. மாசி மாதம் அங்காளம்மன் ஊர்வலத்தை நேரில் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு அந்த வேடங்களும் மேள ஓசையும் வெறும் பின்னணியாகத் தெரியவில்லை. ஊரே முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடக்கும் நேரத்தில் யார் எதை மறைக்கிறார்கள் என்று கேட்பது கதைக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. அதே ஆண்டில் வந்த ‘வதந்தி’யில் இறந்துபோன பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்ல, அவள் உண்மையில் யார் என்று கண்டறிவதே விசாரணையாக மாறுகிறது. இரண்டும் எட்டு அத்தியாயத் தொடர்கள். ஒரு துக்கம் குடும்பத்தை என்ன செய்யும் என்று காட்ட இந்த நீளம் உதவுகிறது என்றாலும், நடுவில் வரும் அத்தியாயங்களில் சந்தேகத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவர்மேல் மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தைக் கடத்தும் பழக்கமும் இதனோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ‘வதந்தி’ ஆறு அத்தியாயத்தில் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

எட்டையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம் என்ற வசதி வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம் மட்டும், யாரும் தனியாக முன்னால் போகக்கூடாது. மறுநாள் காலை காபி நேரத்தில் அம்மா தன் சந்தேகப் பட்டியலைச் சொல்வார். மழைக்காலத்தில் ஏற்காட்டில் உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தால் அங்கே இணையத்தை நம்ப முடியாது என்பதால், வேண்டிய அத்தியாயங்களைச் சேலத்திலேயே தரவிறக்கம் செய்துகொண்டு மலையேறுவோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இந்த முறையையே பரிந்துரைக்கிறேன். நல்ல தொடரென்றால் இடைப்பட்ட ஒரு நாளில் அது மனதுக்குள் வளரும். ஓட்டை உள்ள தொடரென்றால் அதே ஒரு நாளில் அது வெளிப்பட்டுவிடும்.

2025இல் வந்த ‘சுழல்’ இரண்டாம் பாகம் எங்கள் வீட்டில் மிக நீண்ட காலைப் பேச்சுகளை உண்டாக்கியது. மூத்த வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட, எட்டு இளம்பெண்கள் வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக வந்து, தானே கொன்றதாகச் சொல்கிறார்கள். குற்றவாளியை ஒளித்துவைத்த கதைகளையும் முதலிலேயே காட்டிவிட்ட கொலம்போவையும் பார்த்த எங்களுக்கு, எல்லாரும் ஒப்புக்கொள்வதையே புதிராக்கிய இந்த அமைப்பு மெய்யான முன்னேற்றமாகப் பட்டது. முடிவு தெரிந்த பின்னரும் அம்மா முதல் அத்தியாயத்தை மறுபடி போடச் சொல்லி, அந்த எட்டுப் பேரும் பேசும் இடங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.