மூன்று சென்ட் புல்தரைக்கு எந்த மெஷின்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று சென்ட் புல்தரை இருக்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் மச்சான் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவுதான். நான் கையால் தள்ளும் புல்வெட்டும் மெஷின் வைத்திருக்கிறேன், அவர் கரண்ட் மெஷின். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பெட்ரோல் மெஷினான பிரஷ் கட்டரையும் இரண்டு பேரும் வாங்கிப் பார்த்துவிட்டோம். வீட்டுக்கு எது சரி என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். எங்கள் அனுபவம் அவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் புல்லை அழகுக்காக மட்டும் வெட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரம் விட்டால் போதும், புல் கணுக்காலைத் தாண்டிவிடும். இன்னும் இரண்டு வாரம் போனால் கண்ணாடி விரியன் படுத்துக் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அம்மா விடியும் முன்பே பூப்பறிக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அதனால் எந்த மெஷினைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அடைமழைக் காலத்தில், வெட்ட வேண்டிய அன்றைக்கு இது ஓடுமா?

இந்தக் கேள்வியில் கரண்ட் மெஷின் தோற்றுவிடுகிறது. மச்சானுடையது 1200 வாட், ஒரு வீச்சில் 32 செ.மீ. அகலம் வெட்டும். தை முதல் புரட்டாசி வரை அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவிட்சைப் போட்டால் ஓடும், வெட்டிய புல் பின்னால் இருக்கும் பெட்டியில் போய் விழும், நாற்பது நிமிஷ வேலைக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. ஆனால் ஈரப் புல்லில் கரண்ட் ஒயரை இழுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. புல் வேகமாக வளர்வதோ அந்த ஈரத்தில்தான். கார்த்திகை முழுக்க அவருடைய மெஷின் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். வெயில் அடிக்கும்போது எடுத்தால் புல் அடர்ந்து போய் பிளேடு சிக்கி நிற்கும். இதைத்தான் வாங்குவேன் என்பவர்கள் தோட்டத்து பிளக் பாயின்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே தானாக நிறுத்திவிடும் சுவிட்ச்) வைத்த பிறகு வாங்குங்கள். ஒயரின் மேல் பிளேடு ஏறிய கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அன்றைக்கு டிரிப் ஆனதால் பிழைத்தோம்.

பேட்டரி மெஷினில் ஒயர் தொல்லை இல்லை, விலைதான் அதிகம். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் போட்டு வைத்தால் லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறையும். வீட்டுக்குள் இடம் இருந்தால் யோசிக்கலாம்.

கை மெஷினுக்கு வருகிறேன். 1830ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் மெஷினைச் செய்தார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டும் உருளையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கு நான் தள்ளுகிற மெஷினிலும் வேலை அதே மாதிரிதான் நடக்கிறது. சுற்றும் பிளேடுகள் கீழே அசையாமல் இருக்கும் பட்டையோடு உரசி, கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்குகின்றன. கரண்ட் மெஷினின் பிளேடு ஃபேன் மாதிரி சுற்றிப் புல்லை அடித்து அறுக்கிறது. பிளேடு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து, இரண்டே நாளில் தரை முழுக்க வெளுத்துத் தெரியும். கை மெஷினில் வெட்டிய அருகம்புல் அப்படி ஆகாது, பச்சை பச்சையாகவே நிற்கும்.

மூன்று சென்ட் என்றால் சுமார் 1300 சதுர அடி. 30 செ.மீ. அகல மெஷினை வரிக்கு வரி கொஞ்சம் ஏற்றி ஓட்டினால் மொத்தம் அரை கிலோமீட்டர் நடை. அதிகாலையில் நடைப்பயிற்சி போகிறவருக்கு இது ஒரு வேலையே இல்லை. மழை விட்டு நாலு மணி நேரம் வெயில் அடித்தால் போதும், வெட்டிவிடலாம். சொதசொதவென்று இருந்தால் மட்டும் சக்கரம் வழுக்கும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். புல் ஒரு சாணுக்கு மேல் போய்விட்டால் கை மெஷின் அதை வெட்டாமல் சாய்த்துவிட்டுப் போகும். அருகம்புல்லின் பூங்காம்புகளும் தப்பித்து நிற்கும். ஒரு வேப்பங்குச்சி மாட்டினால் உருளை அப்படியே நின்றுவிடும், அதனால் பெருக்கிவிட்டுத்தான் தள்ள வேண்டும். கொரியன் புல் மேடு மேடாக வளரும் சாதி. அதன் மேல் ஓட்டினால் மேட்டில் சொட்டை விழும், கையும் வலிக்கும். கொரியன் புல் போட்டவர்களுக்குக் கை மெஷினை நான் சொல்ல மாட்டேன். தேவனாம்பட்டினம் பக்கம் போல மணல் தரையாக இருந்தால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். அங்கே எந்த மெஷினுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு.

பிரஷ் கட்டர் முரட்டு ஆள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் கடலூருக்கு வந்தது. அந்த மாதம் புல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? பொங்கலுக்கு முன் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு நின்றது. கூலிக்கு வெட்டும் ஒருவர் பிரஷ் கட்டரோடு வந்து ஒன்றரை மணி நேரத்தில் தரையைக் காட்டிவிட்டார். வேறு எந்த மெஷினாலும் அது முடிந்திருக்காது.

அதைப் பார்த்துத்தான் நானே ஒன்று வாங்கினேன். அது தப்பு. டூ ஸ்ட்ரோக் மெஷின், லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்க வேண்டும். மாசியில் இரண்டு தடவை ஓட்டிவிட்டு டேங்கில் பெட்ரோலோடு வைத்துவிட்டேன். ஐப்பசியில் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார், உள்ளே பிசின் மாதிரி படிந்திருந்தது. “பெட்ரோல ஊத்தி வெச்சிட்டு மறந்துட்டீங்களா சார்? இப்போ எத்தனால் கலந்து வருது, தண்ணிய இழுக்கும்” என்றார். எடுத்து வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை இன்ஜினை ஓட விட வேண்டுமாம். ஹோண்டாவின் 35.8 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்தவற்றில் ஆயில் கலக்கும் வேலை இல்லை, ஆனால் பழைய பெட்ரோல் தொல்லை அதற்கும் உண்டு. தவிர, முனையில் சுற்றிப் புல்லை வெட்டும் நைலான் கயிறு கல்லைத் தெறிக்க விடும். கண்ணாடி போடாமல் தொடவே கூடாது, குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட வேண்டும். தரையும் ஒரே மட்டத்தில் வராது.

அந்த மெஷினை விற்றுவிட்டேன். இப்போது வாராவாரம் கை மெஷின். மழைக்குப் பின் தை மாதத்தில் ஒரு முறையும், வெளியூர் போய் வந்து புல் கைமீறியிருந்தால் இன்னொரு முறையும் பிரஷ் கட்டர்காரரைக் கூப்பிடுகிறேன். அவர் வெட்டும்போதும் ஒரே நாளில் ஒட்ட வெட்டச் சொல்வதில்லை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் புல் வெளிறி, அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும். முதலில் அவர் மேலோட்டமாக எடுப்பார், நாலைந்து நாள் விட்டு விட்டு நான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன். பத்து சென்ட், பதினைந்து சென்ட் இருப்பவர்கள் சொந்தமாக ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவது நியாயம். ஐந்து சென்ட்டுக்குள் அருகம்புல் என்றால் கை மெஷினே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். இது உப்புக்காற்று ஊர். வெட்டி முடித்ததும் பிளேடைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டுத் தடவிவிடுங்கள். மாதம் ஒரு முறை செய்தித்தாள் துண்டு ஒன்றைப் பிளேடுக்கும் பட்டைக்கும் நடுவில் பிடித்து, கையில் படாமல் உருளையைச் சுற்றிப் பாருங்கள். தாள் நறுக்கென்று வெட்டுப்பட்டால் சரி. மடங்கினால் இரண்டு பக்கத்து ஸ்க்ரூவையும் கால் சுற்று முடுக்க வேண்டும்.