கார்லைல் பள்ளி ஆவணத் தளம்: 1912 சீசனைத் தேடுகிறவர்களுக்கு

பென்சில்வேனியா மாநிலம் கார்லைல் ஊரில் உள்ள டிக்கின்சன் கல்லூரி ஓர் இணையக் காப்பகம் நடத்துகிறது. பெயர், கார்லைல் இந்தியப் பள்ளி டிஜிட்டல் வள மையம் (இங்கே ‘இந்திய’ என்றால் அமெரிக்கப் பூர்வகுடி, நம்ம நாடு இல்லை). விளையாட்டு வரலாறு பிடிக்கும் யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், ஆவணத்தை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பதால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இதே காலத்துச் செய்தித்தாள்களுக்காக வேறொரு கட்டணத் தளத்தில் சேர்ந்து, சந்தாவை ரத்து செய்த பிறகும் அட்டையில் பணம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த எரிச்சலோடுதான் இங்கே வந்தேன்.

நான் தேடியது 1912 கால்பந்து சீசன். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். கார்லைல் உண்மையில் கல்லூரியே அல்ல. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடை போட்டு வளர்ப்பதற்காக, ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879இல் ஒரு பழைய படை முகாமில் தொடங்கிய அரசு உறைவிடப் பள்ளி. அந்தப் பள்ளி அணிதான் பெரிய பெரிய கல்லூரிகளோடு மோதியது. 1911இல் ஹார்வர்டை அதன் சொந்த மைதானத்திலேயே 18-15 என்று சாய்த்தது.

1912 இன்னும் விசேஷம். 14 ஆட்டங்களில் 12 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. எடுத்த புள்ளிகள் 504. கேப்டன் ஜிம் தோர்ப். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து தடகளப் போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்று திரும்பியிருந்தார். பயிற்சியாளர் ‘பாப்’ வார்னர். விதிகளும் அந்த வருடம் மாறின: பத்து கஜம் முன்னேற மூன்று வாய்ப்பு என்பது நான்கானது, டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவதற்கு, ஐந்து புள்ளி என்பது ஆறானது. உடல் கனத்தைவிட வேகத்தை நம்பிய அணிக்கு இது தோதாகப் போயிற்று.

நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியை அவர்கள் இடத்திலேயே 27-6 என்று வென்றார்கள். எதிரணியில் ஆடிய கேடட்களில் ஒருவர் டுவைட் ஐசனோவர், பிற்காலத்து ஜனாதிபதி. அமெரிக்க ராணுவம் லகோட்டா பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்ற வூண்டட் நீ படுகொலை நடந்து அப்போது 22 வருடம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு இந்த ஸ்கோரைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரமே பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். அந்த ஒரு தோல்வி மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். இந்தத் தளத்தில் கிடைப்பது வேறு. ஆட்டக்காரர் பெயரைத் தேடுபெட்டியில் போட்டால் அவருடைய மாணவர் கோப்பு வருகிறது. அசல்கள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே இருப்பவை அவற்றின் ஸ்கேன் பிரதிகள். ஒரு பதிவு அட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயர், இனக்குழு, தந்தை இருக்கிறாரா, தாய் இருக்கிறாரா, உயரம், எடை. அதே அட்டையில் இன்னொரு கட்டம்: உடம்பில் எத்தனை பங்கு இந்திய ரத்தம் என்று பின்னத்தில் எழுத வேண்டும். மைதானத்தில் பத்தாயிரக்கணக்கானவர்கள் கைதட்டிய பையனைப் பள்ளி இப்படித்தான் பதிந்து வைத்திருந்தது. அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஸ்கோருக்கு வரும்போது அந்த 27-6இன் கனம் கூடிவிடுகிறது. இதற்காகவே இந்தத் தளத்தைக் கொண்டாடுகிறேன்.

பள்ளியின் வார இதழான ‘கார்லைல் ஆரோ’வும் உண்டு. மாணவர்களே பள்ளி அச்சகத்தில் அச்சடித்தது. 1912 ஆகஸ்டில் தோர்ப்புக்கும், பத்தாயிரம் மீட்டரில் வெள்ளி வென்ற ஹோப்பி இனக்குழு இளைஞர் லூயி டெவனிமாவுக்கும் ஊரே திரண்டு வரவேற்பு கொடுத்தது. அதற்குப் பிந்தைய இதழ்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் சீசனின் உற்சாகம் நமக்கும் தொற்றும். ஆனால் அது நிர்வாகத்தின் பத்திரிகை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற தொனியிலேயே பேசும். இதழை மட்டும் படித்து நிறுத்திவிடாதீர்கள். பள்ளியில் இறந்த பிள்ளைகளைப் புதைத்த இடுகாட்டைப் பற்றிய பதிவுகளும் இதே தளத்தில்தான் இருக்கின்றன.

பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்றிரண்டு யோசனை. கைபேசியில் வேண்டாம், பழைய கையெழுத்தைப் படிக்கக் கணினித் திரைதான் சரி. கையால் எழுதிய கடிதங்களுக்குத் தேடுபெட்டியை நம்பாமல் கோப்பைத் திறந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஆட்டத்தின் விரிவான வர்ணனை வேண்டுமென்றால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’வுக்குப் போங்கள், அதுவும் இலவசம். ஆட்டத் தேதிக்கு மறுநாள் தேதியைக் கொடுத்தால் வேலை சுலபம்.

அப்புறம், எல்லாரும் தோர்ப்பைத்தான் முதலில் தேடுவார்கள். நான் சொல்வது கஸ் வெல்ச். விஸ்கான்சினிலிருந்து வந்த ஒஜிப்வே இனக்குழு இளைஞர், 1912 அணியின் குவார்ட்டர்பேக், அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துபவர். பள்ளி நிலைமையை விசாரிக்கச் சொல்லி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கியதில் முன்னால் நின்றவர் அவர். 1914இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) குழு கார்லைலுக்கே வந்தது. விளையாட்டு நிதி எப்படிச் செலவானது, வார்னர் ஆட்டக்காரர்களை எப்படித் திட்டினார் என்றெல்லாம் சாட்சியம் பதிவானது. கண்காணிப்பாளர் மோசஸ் ஃப்ரீட்மனின் பதவி போயிற்று, வார்னர் 1915இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், 1918இல் பள்ளியே மூடப்பட்டது. வெல்ச்சின் கோப்பை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு தோர்ப்பினுடையதைத் திறங்கள்.