விஜய் ஹசாரே கோப்பையா, தியோதர் கோப்பையா?

இரண்டுமே இந்திய உள்நாட்டுக் கிரிக்கெட்டின் 50 ஓவர் தொடர்கள்தான். ஹசாரேவில் மாநில அணிகள் மோதும். தியோதரில் தெற்கு, வடக்கு என மண்டல அணிகள்.

ஹசாரேவின் பலம் அதன் பரப்பு. 38 அணிகள் ஆடுவதால் எந்த மூலையில் இருக்கும் பையனுக்கும் ஒரு வாசல் திறக்கிறது. சிக்கலும் அங்கேதான். 2022 நவம்பரில் பெங்களூருவில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506 ரன் குவித்தது. ஜெகதீசன் மட்டும் 141 பந்தில் 277. தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். நம்ம ஊர்ப் பையன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் எதிரணி 71 ரன்னில் சுருண்டுவிட்டால், அந்த 277-ஐத் தேர்வாளர்கள் எப்படி எடைபோடுவார்கள்?

தியோதரில் அந்தக் குழப்பம் குறைவு. பல மாநிலங்களின் தேறிய பந்துவீச்சாளர்கள் ஒரே அணியில் வருவார்கள். 2023 இறுதி ஆட்டத்தில், புதுச்சேரியில், கிழக்கு மண்டலத்துக்கு எதிராகத் தெற்கு மண்டலத்தின் ரோஹன் குன்னும்மல் அடித்த 107 எனக்குக் கனமாகத் தெரிவது அதனால்தான்.

இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம் என்றால் ஹசாரேவையே வைத்துக்கொள்வேன். அது இல்லாமல் புதிய ஆட்களே கிடைக்க மாட்டார்கள். அப்புறம், தியோதரையும் ஆண்டுதோறும் நடத்தலாமே. 2023-இல் ஆறு அணிகளை வைத்து ஜூலை 24-இல் தொடங்கி ஆகஸ்ட் 3-இல் முடித்துவிட்டார்கள்.