ஏஸ் காம்பாட் 04-உம் 7-உம்: கரன்ட் போனால் ஒன்று, வந்தால் ஒன்று

2023-இல் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, லோட்ஷெடிங் என்ற முறை வைத்த கரன்ட் கட் இல்லாத நாளைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் போகும், வரும், மறுபடி போகும். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கும் வைஃபையும் ஓடும், அதற்கு மேல் பெரிய டிவியையும் பிளேஸ்டேஷன் 4-ஐயும் மாட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் பீப் சத்தம் கேட்கும், உடனே ஆயா அறையிலிருந்து திட்டும் கேட்கும். அதனால்தான் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பிளேஸ்டேஷன் 2 வாங்கினேன். குட்டி டிவியோடு சேர்த்தாலும் கொஞ்சம்தான் கரன்ட் இழுக்கும். கூடவே ஏஸ் காம்பாட் என்ற போர் விமான வீடியோ கேம் வரிசையில் 04-இன் டிஸ்க். முதலில் கொடுத்த டிஸ்க் மிஷன் லோடாகும்போதே நின்றுவிட்டது, திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் அதைத் தன் பனியனில் ஒரு துடை துடைத்து "இப்போ ஓடும்" என்றார். ஓடவில்லை. மூன்றாவது நடையில்தான் வேறு டிஸ்க் கிடைத்தது.

இப்படித்தான் எனக்கும் என் மச்சான் மகனுக்கும் ஒரே நாளில் இரண்டு ஏஸ் காம்பாட் ஆடும் பழக்கம் வந்தது. கரன்ட் இருந்தால் 2019-இல் வந்த 7, போனால் 2001-இல் வந்த 04. பதினெட்டு வருட இடைவெளியை வாரத்துக்குப் பத்து முறை தாண்டினோம். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எந்த பாகத்தை வாங்கினாலும், போட்டவுடன் ஆப்ஷனுக்குப் போய் கன்ட்ரோலை எக்ஸ்பர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். இன்னொரு கன்ட்ரோலுக்கு 04-இல் பெயர் நோவிஸ், 7-இல் ஸ்டாண்டர்ட், எளிது என்று அதில்தான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். அதில் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் விமானம் கார் மாதிரி இடப்பக்கம் திரும்பும், விட்டால் தானாக நேராகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதிரி உங்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எக்ஸ்பர்ட்டில் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் இறக்கை மட்டும் சாயும். சாய்த்துவிட்டு ஸ்டிக்கைக் கீழே இழுத்தால்தான் மூக்கு தூக்கித் திரும்பும். பைக் ஓட்டுபவர்கள் வளைவில் சாய்வார்களே, அந்த மாதிரி. முதல் அரை மணி நேரம் மலையில் முட்டுவீர்கள். நானும் முட்டினேன். அப்புறம் பழைய கன்ட்ரோலுக்குத் திரும்பவே மனம் வராது.

சரி, இரண்டு ஆட்டத்துக்கும் கையில் என்ன வித்தியாசம்? 04-இல் வேகம் கூட்ட ஆர்1, குறைக்க எல்1, இவை கன்ட்ரோலரின் முன்விளிம்பில் மேலே இருக்கும் பட்டன்கள். மூக்கை லேசாக இடம் வலம் நகர்த்த அவற்றுக்குக் கீழே இருக்கும் எல்2, ஆர்2. 7-இல் இது அப்படியே தலைகீழ்: வேகமும் பிரேக்கும் ஆர்2, எல்2-க்குப் போய்விட்டன, மூக்கு நகர்த்துவது மேலே ஆர்1, எல்1-க்கு வந்துவிட்டது. படிக்கும்போது சின்ன விஷயம். ஆனால் கரன்ட் வந்து பத்து நிமிஷத்தில் 7-இல் உட்கார்ந்து, பின்னால் மிஸைல் வருகிறது என்று காது கிழியக் கத்தும்போது, தப்பிக்க ஆர்1-ஐ அழுத்தினால் விமானம் வேகம் எடுக்காமல் நடனக்காரி மாதிரி மூக்கை மட்டும் வெட்டும். "மாமா, எங்க போறீங்க?" என்பான் பையன். எங்கேயும் போகவில்லை, செத்துப்போனேன்.

7-இன் வைப்புதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆர்2 உள்ளே போகும் ட்ரிக்கர், எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் என்று விரலுக்கே தெரியும். ட்ரிக்கர் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு திரும்பினால் ஹை-ஜி திருப்பம், சாதாரணத் திருப்பத்தைவிட இறுக்கமாக வளையும், வேகம் சட்டென்று விழும். 2007-இல் வந்த ஆறாம் பாகத்தில்தான் இந்த வித்தை முதலில் வந்தது. 04-இல் கிடையாது. அங்கே இறுக்கமாகத் திரும்பவேண்டும் என்றால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, எதிரியின் வட்டத்துக்கு உள்பக்கம் போய்க் காத்திருக்க வேண்டும். பொறுமை வேண்டும். என் வயதுக்கு அது பிடிக்கிறது. பையனோ 7-இல் வேகத்தை நன்றாகக் குறைத்து, விமானத்தை நின்ற இடத்திலேயே மூக்கைச் செங்குத்தாகத் தூக்கவைத்து, பின்னால் வந்தவனை முன்னால் போகவிட்டுச் சுடுகிறான். மூன்று முறை முயன்றால் இரண்டு முறை கடலில் விழுவான், மூன்றாவது முறை அவன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஆகாயம் என்று எடுத்துக்கொண்டால் 7-ஐ மிஞ்ச ஆள் இல்லை. 04-இல் மேகம் என்பது பின்னணிப் படம்தான். 7-இல் மேகம் ஒரு இடம். உள்ளே நுழைந்தால் கண்ணாடியில் நீர்த்துளி ஓடும், அதிக நேரம் இருந்தால் பனி பிடித்து விமானம் மந்தமாகும், துரத்தி வரும் மிஸைல் குறி தவறும். நாம் விட்ட மிஸைலுக்கும் அதே கதிதான் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். புயல் மேகத்தில் மின்னல் அடித்தால் திரையில் இருக்கும் எண்கள் எல்லாம் கலைந்துபோகும். பின்னால் ஒரு மிஷனில் செயற்கைக்கோள் தொடர்பு அறுந்து, யார் நம்மவன் யார் எதிரி என்றே ராடார் சொல்லாது, கிட்டே போய்ப் பார்த்துத்தான் சுடவேண்டும். நான் பதற்றத்தில் நம்மவனையே சுட்டு, ரேடியோவில் திட்டு வாங்கினேன்.

ஆனால் மிஷன் அமைப்பில் 04-க்குத்தான் என் ஓட்டு. பதினெட்டே மிஷன். பலவற்றில் குறிப்பிட்ட நிமிஷத்துக்குள் இத்தனை புள்ளி எடு, எங்கே போய் எதை அடித்து எடுக்கிறாய் என்பது உன் இஷ்டம் என்று விட்டுவிடுவார்கள். குண்டு தீர்ந்தால் வரைபட எல்லைக்குப் பறந்து தளத்துக்குத் திரும்பி நிரப்பிக்கொண்டு வரலாம். இரண்டு மணி நேர லோட்ஷெடிங்கில் நிதானமாக நான்கு மிஷன் முடியும். ஒரே ஆபத்து, நடுவில் செக்பாயின்ட் கிடையாது. இன்வெர்ட்டர் நடுவில் படுத்தால் அந்த மிஷன் முதலிலிருந்துதான்.

ஸ்டோன்ஹெஞ்ச் என்ற ராட்சத பீரங்கிக் கூட்டத்தை இரண்டு பாகத்திலும் பார்க்கலாம். விண்கல்லைச் சுட்டு வீழ்த்தக் கட்டியதாகக் கதை. 04-இல் அவற்றை நாம் போய் உடைக்கிறோம். 7-இல் மிச்சமிருக்கும் ஒரே ஒரு பீரங்கியைக் காப்பாற்றி, அதை வைத்து ஆர்சனல் பேர்ட் என்ற பறக்கும் கோட்டையை அடிக்கவேண்டும். காலையில் உடைத்ததைச் சாயங்காலம் காவல் காத்த நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்புக்கு ஆயா வந்து எட்டிப்பார்த்தார்.

நடுவில் வந்தவற்றைப் பற்றிக் கொஞ்சம். 2004-இன் ஐந்தாம் பாகத்தில் கூடப் பறக்கும் மூன்று பேருக்குத் திசைப் பட்டனில் கட்டளை போடலாம், அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதிலும் சொல்லலாம். கதைக்கு நல்லது. அடி, காப்பாற்று என்று சொன்னாலும் பெரும்பாலான வேலையை நாமேதான் செய்யவேண்டும் என்பது வேறு விஷயம். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து மிஸைல் வரும்போது ஐயாயிரம் அடிக்கு மேலே ஏறு என்று கத்துவார்கள், அப்போது பழைய எஃப்-5-ஐ வைத்துக்கொண்டு மேலே ஏறினால் ஒவ்வொரு அடியும் ஒரு யுகம். 2006-இன் ஸீரோ என்ற பாகம் கையில் கிட்டத்தட்ட ஐந்து மாதிரியேதான், ஆனால் கடைசிச் சண்டை ஒருவனுக்கு எதிராக ஒருவன், நேருக்கு நேர் பாய்ந்தால்தான் அடிபடும். இந்த வரிசையிலேயே சிறந்த சண்டை அது.

2011-இல் வந்த அசால்ட் ஹொரைசன் மட்டும் எனக்கு ஆகாது. எதிரிக்குக் கிட்டே போய் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் விமானம் தானாக அவன் பின்னால் ஒட்டிக்கொள்ளும், கட்டிடங்களுக்கு நடுவே புகுந்து போகும், நமக்கு வட்டத்தைக் குறிமேல் வைத்துச் சுடும் வேலை மட்டும். பார்க்கப் பிரமாதம், மயாமியும் துபாயும் உண்மையான ஊர்களாக வரும். ஆனால் பறப்பது நான் இல்லையே? டாக்ஸியில் பின்சீட்டில் உட்கார்ந்து ஹாரன் மட்டும் அடிப்பது போல இருந்தது. ஹெலிகாப்டர் மிஷன்களும் உண்டு, அவை பரவாயில்லை. 7-இல் அந்த ஒட்டிக்கொள்ளும் முறையைத் தூக்கிவிட்டார்கள், நல்ல காரியம்.

பையனுக்கு 7 பிடிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது: கிரிப்பன் என்ற சுவீடன் போர் விமானம். தென்னாப்பிரிக்க விமானப்படை 26 கிரிப்பன் வாங்கியது, சி, டி என்ற இரண்டு வகை. மகாடோ தளத்தில் இருக்கின்றன. ஆட்டத்தில் வருவது புதிய கிரிப்பன் இ. "நம்ம பிளேன் மாமா" என்று அதற்கு மட்டுமே புள்ளி சேர்த்தான். எஃப்-16-இலிருந்து ஆரம்பித்து மரக்கிளை மாதிரி விரியும் பட்டியலில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகவேண்டும், நேராகப் போக வழி இல்லை. நிஜ கிரிப்பன் இரண்டு கை விரல்களில் எண்ணக்கூடிய மிஸைல்களோடு கிளம்பும், இங்கே டஜன் கணக்கில் தூக்கிக்கொண்டு போகிறது. அதைச் சொன்னால் கோபம் வருகிறது அவனுக்கு.

வாங்குவதென்றால், இன்றைக்குக் கடையில் கிடைப்பது 7. கண்ணை மூடித் தலையில் மாட்டும் பிளேஸ்டேஷன் விஆர் வைத்திருப்பவர்களுக்கு அதில் மூன்று தனி மிஷன் உண்டு, மச்சான் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டு சோபாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. தள்ளுபடியில் வரும்போது வாங்குங்கள், முழு விலைக்கு அவசரம் இல்லை. 04-க்கு செகண்ட் ஹேண்ட் கடைதான் கதி. டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பாருங்கள், கடைக்காரரை அங்கேயே போட்டுக்காட்டச் சொல்லுங்கள், மெமரி கார்டு கேட்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். முதல் ஞாயிறு ஆறு மிஷன் முடித்துவிட்டு சேவ் பண்ண இடமில்லாமல் பிளேஸ்டேஷன் 2-ஐ இரவெல்லாம் அணைக்காமல் வைத்திருந்தோம், விடியற்காலை நான்கு மணிக்கு லோட்ஷெடிங்.