ஏதெனாவா, பொசைடனா: ஏதென்ஸ் நகரின் காவல் தெய்வத்துக்கான போட்டி

கிரேக்கப் புராணங்களில் ஒரு நாட்டுக்காகத் தெய்வங்கள் தமக்குள் வழக்காடிய கதைகள் பல உண்டு. அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது, ஏதென்ஸைத் தலைநகராகக் கொண்ட அட்டிகா நாட்டின் காவல் தெய்வம் யார் என்பது குறித்து ஏதெனாவும் பொசைடனும் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் போட்டியிட்ட கதை. பொசைடன் தன் திரிசூலத்தைப் பாறையில் ஓங்கிக் குத்தினான், உப்புநீர் ஊற்றெடுத்தது. ஏதெனா, இடுப்புக்குக் கீழே பாம்பு உடல் கொண்ட அரசன் கெக்ரோப்ஸைச் சாட்சியாக அழைத்து, அதே குன்றில் ஓர் ஆலிவ் மரத்தை நட்டாள். நாடு ஏதெனாவுக்கு உரியதாயிற்று. மரம் உணவும் எண்ணெயும் தரும், உப்புநீரோ குடிக்கவும் உதவாது, எனவே தீர்ப்பு எளிதாக அமைந்தது என்றே இக்கதை பெரும்பாலும் விளக்கப்படுகிறது. இந்த விளக்கம் பொசைடனுக்கு இழைக்கும் அநீதி ஒருபுறமிருக்க, அவ்விருவரையும் கடைசிவரை கைவிடாத ஏதென்ஸ் மக்களின் மனத்தையும் அது காட்டத் தவறுகிறது என்பது என் கருத்து.

முதலில் இருவரின் ஆற்றலையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சீயஸின் உடன்பிறந்தவனான பொசைடன், உலகைப் பங்கிட்டபோது கடலைப் பெற்றவன். ஆயினும் நிலத்தை உலுக்குபவன் என்ற பெயரும் அவனுக்கே உரியது. கி.மு. 464இல் ஸ்பார்ட்டாவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது, தைனரோன் முனையிலிருந்த பொசைடன் கோயிலில் அடைக்கலம் புகுந்த ஹெலட் அடிமைகளை வெளியே இழுத்துக் கொன்ற பாவத்துக்கு அது தண்டனை என்று ஸ்பார்ட்டா மக்களே நம்பினார்கள். கி.மு. 373இல் நிலநடுக்கமும் கடல் வெள்ளமும் ஒரே இரவில் ஹெலிகே நகரை விழுங்கின. அதுவும் பொசைடனின் புகழ்பெற்ற திருத்தலமாக விளங்கிய ஊர்தான். அவனுடைய ஆற்றல் மனிதனின் திறமைக்கு அப்பாற்பட்டது. மனிதன் அதைத் தணிக்கலாம், வேண்டலாம், அஞ்சலாம், கற்றுக்கொள்ள முடியாது.

ஏதெனாவின் ஆற்றலோ மனிதக் கையின் வழியாகவே வெளிப்படுவது. சீயஸின் தலையிலிருந்து பிறந்த அவள் நெசவுக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் தச்சுக்கும் போர்த் தந்திரத்துக்கும் தெய்வம். இவ்வேறுபாட்டைக் குதிரையைக் கொண்டு தெளிவாக உணரலாம். குதிரை பொசைடனுக்கு உரியது. சிறகுள்ள பெகாசஸ் மெடூசாவிடம் அவனுக்குப் பிறந்த குழந்தை. ஆனால் அந்தப் பெகாசஸை அடக்குவதற்கான கடிவாளத்தை வீரன் பெல்லரோஃபோனுக்குக் கொடுத்தவள் ஏதெனா. கடல் பொசைடனுக்கு உரியது; அக்கடலைக் கடந்த ஆர்கோ கப்பலைக் கட்டத் துணைநின்றவள் ஏதெனா. அவன் விசையைத் தருகிறான், அவள் அதைக் கையாளும் வழியைத் தருகிறாள். ஒரு நகரம் தன் தலைமைத் தெய்வமாக இவ்விருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், பொசைடனின் களத்துக்குள்ளும் சென்று உதவக்கூடிய ஏதெனாவைத் தேர்ந்தது சரியே என்று நான் கருதுகிறேன். ஏதெனா கடலுக்குப் போவாள். பொசைடன் தறியில் உட்காரமாட்டான்.

இனி அவர்கள் தந்த பொருள்கள். ஆலிவ் மரத்தின் சிறப்பு அதன் பழத்தோடு முடிவதில்லை. அட்டிகாவின் மண் மெலிந்தது, மழையும் குறைவு. கோதுமைக்குப் போதாத அந்நிலத்தில் ஆலிவ் வேரூன்றி நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. விளக்கெரிக்கவும் சமைக்கவும் உடலில் பூசிக்கொள்ளவும் அதன் எண்ணெயே பயன்பட்டது. கி.மு. 594இல் ஏதென்ஸின் தலைமை ஆட்சியாளரான ஆர்க்கோன் பதவியை ஏற்ற சோலோன், நாட்டின் விளைபொருள்களில் ஆலிவ் எண்ணெயை மட்டும் வெளிநாட்டுக்கு விற்க அனுமதித்து மற்றவற்றைத் தடுத்தார் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஏதெனாவுக்குரிய புனித ஆலிவ் மரங்களை வெட்டியவனுக்கு ஒரு காலத்தில் மரண தண்டனையே விதிக்கப்பட்டது. அம்மரங்களின் எண்ணெய்தான் ஏதெனாவுக்கு எடுக்கப்பட்ட பெரிய பானதினாயா விழாவில் ஓட்டத்திலும் மல்யுத்தத்திலும் வென்றவர்களுக்குப் பரிசாயிற்று. அதை நிரப்பிக் கொடுத்த சாடிகளின் ஒரு பக்கத்தில் போர்க்கோலம் பூண்ட ஏதெனாவும், மறுபக்கத்தில் வெற்றி பெற்ற போட்டியின் காட்சியும் தீட்டப்பட்டிருந்தன.

ஆனால் அந்த எண்ணெய் எவ்வழியே வெளியூர் சென்றது? அட்டிகாவில் விளையாத தானியம் கருங்கடல் கரையிலிருந்து எவ்வழியே வந்தது? இரண்டுக்கும் பதில் பொசைடனின் கடல். பாறையிலிருந்து கிளம்பிய உப்புநீரைக் குடிநீராகக் கருதி மதிப்பிடுவது தவறு. அது கடலாட்சிக்கான அடையாளம். கடலை நோக்கி வாழ வாருங்கள் என்ற அழைப்பு. அந்த அழைப்பை ஏதென்ஸ் மக்கள் முதலில் மறுத்துப் பின்னர் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அவர்களின் வரலாறே சொல்கிறது.

தீர்ப்பளித்தவர் யார் என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. சீயஸ் அமர்த்திய 12 தெய்வங்கள் தீர்ப்பளித்தார்கள் என்பது ஒரு மரபு. உரோம அறிஞர் வார்ரோ கூறியதாகக் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் பதிவு செய்யும் மற்றொரு மரபில், ஊரார் அனைவரும் கூடி வாக்களிக்கிறார்கள். ஆண்கள் பொசைடனுக்கும் பெண்கள் ஏதெனாவுக்கும் வாக்களிக்க, பெண்களின் எண்ணிக்கை ஒன்று கூடுதலாக இருந்ததால் ஏதெனா வெல்கிறாள். சினந்த பொசைடன் நாட்டில் கடலைப் புகுத்துகிறான். அவன் சினத்தைத் தணிக்கப் பெண்களுக்கு மூன்று தண்டனைகள் விதிக்கப்படுகின்றன: இனி அவர்களுக்கு வாக்குரிமை இல்லை, பிள்ளைகள் தாயின் பெயரைத் தாங்கக் கூடாது, அவர்களை ஏதென்ஸ்காரிகள் என்று யாரும் அழைக்கக் கூடாது. தன்னை வெல்லவைத்த பெண்களைக் காக்க ஏதெனா ஒரு சொல்லும் சொல்லாததை அகஸ்டினே கண்டித்து எழுதுகிறார். ஏதெனாவைத் தேர்ந்தது சரியென்று கருதும் எனக்கும், இந்தக் கதையில் அவளுக்காக வாதாட ஒன்றும் கிடைக்கவில்லை.

இவ்விருவரும் ஒருசேரத் தேவைப்பட்ட ஆண்டு கி.மு. 480. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் லாரியோன் சுரங்கத்தில் கிடைத்த வெள்ளியை மக்களுக்குப் பங்கிடாமல் போர்க்கப்பல்கள் கட்டச் செலவிடும்படி ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் இணங்கவைத்திருந்தார். பாரசீக மன்னன் செர்க்சீஸ் படையெடுத்து வந்தபோது டெல்ஃபியில் உள்ள அப்போலோ கோயிலில் கிடைத்த அருள்வாக்கு, ஏதெனா எவ்வளவு மன்றாடியும் சீயஸின் மனத்தை மாற்ற இயலவில்லை என்றும், மரத்தாலான மதில் மட்டுமே அழியாமல் காக்கும் என்றும் கூறியது. மரமதில் என்பது கப்பல்களே என்று தெமிஸ்டோக்ளிஸ் பொருள் கொண்டார். அக்ரோபோலிஸில் வாழ்ந்ததாக நம்பப்பட்ட புனிதப் பாம்பு, மாதந்தோறும் படைக்கப்படும் தேன் அடையைத் தொடவில்லை என்ற செய்தி பரவியதும், தெய்வமே குன்றை நீங்கிவிட்டது என்று கருதி மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். சாலமிஸ் நீரிணையில் ஏதென்ஸின் 180 கப்பல்கள் கிரேக்கக் கடற்படையின் முதுகெலும்பாக நின்று போரிட்டு வென்றன. பாரசீகர் வைத்த தீயில் குன்றின் மேலிருந்த கோயிலோடு சேர்ந்து ஆலிவ் மரமும் எரிந்துபோயிருந்தது; ஆனால் எரிந்த மறுநாளே அதன் அடிமரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் துளிர் விட்டிருந்ததைப் பலி கொடுக்கச் சென்றவர்கள் கண்டதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். மக்களைக் காத்தது கடல். திரும்பி வருவதற்கு ஊர் இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தந்தது மரம்.

தோற்றவனை ஏதென்ஸ் எப்படி நடத்தியது என்பதை மற்ற ஊர்களோடு ஒப்பிட வேண்டும். ஆர்கோஸ் நாடு ஹீராவுக்குச் சென்றபோது, தீர்ப்பளித்த நதிகளின் நீரையெல்லாம் பொசைடன் வற்றவைத்தான். கொரிந்தில் பங்கீடு நடந்தது: நிலஇடுக்கு பொசைடனுக்கு, மேலே உயர்ந்த குன்று சூரியக் கடவுள் ஹீலியோஸுக்கு. திரோய்சனில் ஏதெனாவும் பொசைடனும் நாட்டைப் பொதுவில் வைத்துக்கொள்ளும்படி சீயஸ் ஆணையிட்டார். ஏதென்ஸில் தீர்ப்பு ஒருவருக்கே என்றாலும், வழிபாடு இருவருக்கும் தொடர்ந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்ரோபோலிஸின் மேல் எழுந்த எரெக்தியோன் கோயிலில் ஏதெனாவின் பழைய மரத்திருமேனியும் பொசைடனின் பலிபீடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. திரிசூலம் பதிந்த பாறைத் தடமும் அங்கே போற்றப்பட்டது. அங்கிருந்த உப்புநீர்க் கிணற்றிலிருந்து, தென்காற்று வீசும்போது அலையோசை கேட்கும் என்று பண்டைய பயண நூலாசிரியர் பௌசானியாஸ் குறிக்கிறார். பார்த்தினனின் மேற்கு முகப்பிலும் இப்போட்டியே சிற்பமாயிற்று. ஏதெனாவின் பெருங்கோயிலில் பொசைடன் அவளுக்கு இணையான உருவளவில் நின்றான். அட்டிகாவின் தென்கோடியான சூனியோன் முனையில், கடலைப் பார்த்த உயரமான பாறையில் அவனுக்கும், சற்றுத் தொலைவில் அவளுக்கும் கோயில்கள் எழுந்தன.

இக்கதைக்குப் புளூட்டார்க் தரும் விளக்கம் ஆழமானது. மக்களைக் கடலிலிருந்து விலக்கி உழவில் நிலைநிறுத்த விரும்பிய பழைய அரசர்கள் ஏதெனாவின் வெற்றிக் கதையைப் பரப்பினார்கள் என்றும், தெமிஸ்டோக்ளிஸோ நகரத்தைப் பிரேயஸ் துறைமுகத்தோடும் நிலத்தைக் கடலோடும் பிணைத்தார் என்றும் அவர் கூறுகிறார். ஒரு போர்க்கப்பலுக்கு 170 துடுப்பாளர்கள் வேண்டும். நிலமில்லாத ஏழைக் குடிமக்களே அவ்விடத்தை நிரப்பினார்கள், அதனால் மன்றத்தில் அவர்களின் குரலும் வலுத்தது. கி.மு. 404இல் ஏதென்ஸில் ஆட்சியைப் பிடித்த முப்பது கொடுங்கோலர், மக்கள் கூடும் பினிக்ஸ் மன்றத்தில் கடலை நோக்கியிருந்த பேச்சு மேடையை நிலத்தை நோக்கித் திருப்பினார்கள் என்றும், கடலாட்சியே மக்களாட்சியின் தாய், உழவரோ சிலராட்சியைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் எண்ணியதே அதற்குக் காரணம் என்றும் அதே இடத்தில் புளூட்டார்க் எழுதுகிறார். அந்த ஆட்சி ஓராண்டுகூட முழுமையாக நீடிக்கவில்லை. அதை எதிர்த்தவர்கள் பிரேயஸ் துறைமுகத்தைக் கைப்பற்றி அங்கிருந்தே போரிட்டார்கள், கி.மு. 403இல் உடன்பாடு ஏற்பட்டதும், துறைமுகத்திலிருந்து ஆயுதங்களுடன் அக்ரோபோலிஸுக்கு ஏறிச் சென்று ஏதெனாவுக்குப் பலியிட்டார்கள்.