ஒற்றை ஆசிலேட்டர் சிந்தசைசருக்கு ஏற்ற கோரஸ்: பாஸ் சிஇ-2டபிள்யூ, டிசி-2டபிள்யூ

கோரஸ் என்பது, ஒரு ஒலியுடன் அதன் சற்றே தாமதித்த நகலைக் கலந்து, பலர் சேர்ந்து இசைப்பது போல் அதைத் தடிப்பாக்கும் விளைவு. பழைய அனலாக் சிந்தசைசருக்குக் கோரஸ் கருவி தேடுகிறவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற பெயர்களிலிருந்தே தேடலைத் தொடங்குகிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது, தம்மிடம் உள்ள சிந்தசைசரில் ஒரு குரலுக்கு, அதாவது ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும், எத்தனை ஆசிலேட்டர்கள் (அடிப்படை ஒலி அலையை உருவாக்கும் பகுதிகள்) இருக்கின்றன என்பதைத்தான். 1982 இல் வெளிவந்த ரோலண்ட் எஸ்எச்-101 இல் இருப்பது ஒரே ஒரு ஆசிலேட்டர். அதனுடன் துணை ஆசிலேட்டர் ஒன்று உண்டு என்றாலும், அது முதன்மை ஆசிலேட்டரின் அலைவரிசையை வகுத்துப் பெறப்படுவதால் சுருதியில் இம்மியும் விலகாது; ஆகவே இரண்டும் சேர்ந்து ஒலித்தாலும் ஒலியில் அசைவு பிறப்பதில்லை. பல்ஸ் அலையின் அகலத்தை எல்எஃப்ஓவால் (மெதுவாக ஊசலாடும் கட்டுப்பாட்டு அலையால்) அசைப்பதே அங்குக் கைவசம் உள்ள முக்கிய வழி. இதற்கு நேர்மாறாக, 1978 இன் புராஃபெட்-5 இல் ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு ஆசிலேட்டர்கள் உள்ளன. அவற்றைச் சற்றே விலக்கி வைத்தால் கோரஸ் தர வேண்டிய அசைவில் பாதி தானாகவே வந்துவிடும். இந்த இரு வகைக் கருவிகளுக்கும் ஒரே பெடலை (காலால் இயக்கும் விளைவுப் பெட்டியை) பரிந்துரைப்பதில் பொருளில்லை.

ஒரு குரலுக்கு ஒரே ஆசிலேட்டர் என்ற குறையை ரோலண்ட் நிறுவனமே உணர்ந்திருந்தது என்பதற்கு ஜூனோ-60 சான்று. அதன் உள்ளேயே கோரஸ் சுற்று ஒன்று வைக்கப்பட்டது. ஜூனோவின் ஒலி என்று நாம் நினைவில் வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்தச் சுற்றினுடையது. அதை அணைத்துவிட்டுக் கேட்டால் நேர்த்தியான, ஆனால் மெலிந்த ஒலியே மிஞ்சும்.

இவ்வகைச் சுற்றுகள் அனைத்திற்கும் அடிப்படை, 1969 இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவான பக்கெட் பிரிகேட் சில்லு. தீயணைக்க வரிசையில் நிற்பவர்கள் வாளியைக் கைமாற்றுவது போல, மின்தேக்கி ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மின்னூட்டம் நகர்ந்துகொண்டே போகிறது. கடக்க வேண்டிய படிகளின் எண்ணிக்கையும் கடிகாரத் துடிப்பின் வேகமும் சேர்ந்து தாமதத்தைத் தீர்மானிக்கின்றன. 1024 படிகள் கொண்ட எம்என்3007 சில்லைக் கடிகாரம் 50 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் ஏறக்குறைய 10 மில்லிவினாடி தாமதம் கிடைக்கும். ஜூனோ-60 இல் உள்ள எம்என்3009 சில்லுக்கு 256 படிகளே என்பதால், அதே வேகத்தில் சுமார் 2.5 மில்லிவினாடிதான். கடிகாரத்தின் வேகத்தை எல்எஃப்ஓ மெதுவாக ஏற்றி இறக்கும்போது தாமதம் நீண்டும் குறுகியும் செல்ல, தாமதித்த ஒலியின் சுருதி சற்றே மேலும் கீழும் ஊசலாடுகிறது. அதை மூல ஒலியுடன் கலந்தால் இரண்டாவது ஆசிலேட்டர் ஒன்று இருப்பதான உணர்வு பிறக்கிறது. சில்லுக்கு முன்னும் பின்னும் வைக்கப்படும் வடிகட்டிகள் உச்ச அலைவரிசைகளைச் சற்று மழுக்குவதால், பல்லிளிக்கும் ரம்ப அலைகூடக் கொஞ்சம் கனிந்து கேட்கும்.

ரோலண்டின் பாஸ் (Boss) பிரிவு வெளியிட்ட சிஇ-2டபிள்யூ பெடல் இந்தப் பரம்பரையின் இரு தலைமுறைகளை ஒரே பெட்டியில் வைத்திருக்கிறது. 1975 இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ளிஃபையரின் கோரஸ் சுற்றைத் தனியே பிரித்து, 1976 இல் சிஇ-1 ஆக வெளியிட்டார்கள். 1979 இல் வந்த சிஇ-2, அதைச் சிறு பெடலாகச் சுருக்கி, மோனோ வெளியீட்டோடு நிறுத்திக்கொண்டது. புதிய பெடலில் இரண்டையும் ஒரு சிறு நகர்த்துவிசையால் தேர்ந்தெடுக்கலாம். ஸ்டீரியோ வெளியீடும் உண்டு. சுற்று முழுவதும் அனலாக்.

எஸ்எச்-101 இன் ரம்ப அலையை, ஃபில்டரைப் பாதிக்கு மேல் திறந்து, ஒரே சுரமாக நீட்டிப் பிடித்துக் கேட்டால் வேறுபாடு உடனே விளங்கும். சிஇ-2 நிலையில் அசைவு ஒரு சீராக, சற்று முன்னால் நின்று கேட்கிறது. ஆழக் குமிழை நடுவைத் தாண்டித் திருப்பினால் சுருதிப் பிசகு வெளிப்படையாகவே தெரியும். சிஇ-1 நிலையிலோ அதே சுரம் அகன்று, அடிப்பகுதி தடித்து, ஊசலாட்டம் ஒலிக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மெதுவான வேகத்தில் இந்த நிலை என் காதுக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. மூல ஒலியைக் கலக்காமல் சுருதியை மட்டும் ஊசலாட்டும் வைப்ரேட்டோ நிலையும் உண்டு. அது இனிமையானதுதான், ஆனால் சிந்தசைசரிலேயே எல்எஃப்ஓ இருக்கும்போது அதற்காக யாரும் பெடல் வாங்க வேண்டியதில்லை.

குறையென்று சொன்னால், மூல ஒலிக்கும் விளைவுக்கும் இடையிலான விகிதத்தை மாற்ற இதில் குமிழ் கிடையாது. வேகமும் ஆழமும் மட்டுமே. கிட்டார் வாசிப்பவருக்கு இது போதும். சிந்தசைசரின் தாழ்ந்த சுரங்களில் விளைவைக் குறைத்துக் கேட்க விரும்புகிறவர், மிக்ஸரில் மூல ஒலியைத் தனியே கொண்டுவந்து கலந்துகொள்ள வேண்டியிருக்கும்.

சமிக்ஞை அளவைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. பெடல்கள் கிட்டாரின் மெல்லிய சமிக்ஞைக்காக வடிவமைக்கப்பட்டவை. சிந்தசைசரின் வெளியீடு அதைவிடப் பல மடங்கு வலுவானது. அளவு மீறினால், ரெசனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தில் ஒலியைக் கூர்மையாக்கும் அமைப்பை) ஏற்றிய இடங்களில் முதலில் கரகரப்பு தலைகாட்டும். அதற்கு அஞ்சி ஒலியளவை அடியோடு குறைத்தாலும் தொல்லைதான். பக்கெட் பிரிகேட் சில்லின் இரைச்சல் மேலெழுந்துவிடும். விசையிலிருந்து விரலை எடுத்த பிறகு, சிந்தசைசர் முற்றிலும் அடங்கியிருக்கும் நேரத்தில்தான் அந்த 'உஸ்' ஒலி காதில் விழும். ஆகவே கரகரப்பு தொடங்கும் இடத்தைக் கண்டறிந்து, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே சரியான அளவு. பழைய சிஇ-1 இல் இதற்கென்றே உள்ளீட்டு அளவுக் குமிழும் உயர் - தாழ் விசையும் இருந்தன. அதன் உள்ளீட்டு மின்மறுப்பு குறைவு, அதனால் கிட்டாரின் ஒலி மழுங்குகிறது என்று கிட்டார்காரர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. சிந்தசைசருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

பாஸின் மற்றொரு கோரஸ் பெடலான டிசி-2டபிள்யூ வேறு நோக்கம் கொண்டது. 1979 இன் டைமென்ஷன் டி என்ற ரேக் கருவியையும் (ஸ்டுடியோ அடுக்கில் பொருத்தும் வகை), 1985 இல் வந்த அதன் பெடல் வடிவத்தையும் இது பின்பற்றுகிறது. இரண்டு தாமதப் பாதைகள் எதிரெதிர்த் திசையில் அசைகின்றன. ஒன்றில் சுருதி ஏறும்போது மற்றதில் இறங்குவதால், ஊசலாட்டம் ஒன்றையொன்று மறைத்து, அகலம் மட்டும் எஞ்சுகிறது. குமிழ்களே இல்லை, நான்கு பட்டன்கள்தான்; ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தும் அழுத்தலாம். இரண்டு ஆசிலேட்டர் கொண்ட கருவியின் ஒலி ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கையில், அதன் மேல் இன்னொரு ஊசலாட்டத்தை ஏற்றினால் குழம்பிப்போகும். அங்கே இந்த அடக்கமான அகலம்தான் தேவை. எஸ்எச்-101 க்கோ இது போதவில்லை. முதல் பட்டனில் விளைவு இருப்பதை அறிய அணைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, நான்காவதில்தான் உயிர் வந்தது.

பேஸ் வரிகளுக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தாமதித்த ஒலி மூலத்துடன் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், தாழ்ந்த சுரங்களின் பலம் கூடியும் குறைந்தும் போகும்.

ஒரு நேரத்தில் ஒரே சுரம் மட்டும் ஒலிக்கும், ஒரே ஆசிலேட்டர் கொண்ட சிந்தசைசர் வைத்திருப்பவர் சிஇ-2டபிள்யூவை எடுக்கலாம். புராஃபெட்-5 போன்ற கருவி வைத்திருப்பவருக்கு டிசி-2டபிள்யூ. வேறு எந்த ஸ்டீரியோ கோரஸை வாங்குவதாக இருந்தாலும், கடையிலேயே இரு வெளியீடுகளையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். சில பெடல்கள் ஒரு பக்கத்தில் மட்டும் விளைவைத் தலைகீழாக்கி அகலத்தை உண்டாக்குகின்றன. அவற்றில் இரு பக்கமும் சேர்ந்தவுடன் கோரஸ் முழுவதும் மறைந்து, வறண்ட மூல ஒலி மட்டும் கேட்கும்.