‘சொல்லி அனுப்புகிறோம்’: எந்த வேலைக்காக எத்தனை நாள் காத்திருப்பது?

நர்ஸ் வேலைக்கான நேர்காணல் முடிந்து எழுந்திருக்கும்போது எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “சரிம்மா, சொல்லி அனுப்புகிறோம்.” வார்டு இன்சார்ஜாக இருந்த மூன்று ஆண்டுகளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே, பாதிப் பேருக்கு எதையும் சொல்லி அனுப்பப் போவதில்லை என்று தெரியும்.

இப்போது என் சித்தி மகள் காத்திருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். இரண்டு ஆண்டுகள் சிறிய மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்திருக்கிறாள். பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் நேர்காணல், அரசு மருத்துவமனைகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் நேர்காணல், ஏஜென்ட் ஒருவர் வழியாகச் சவுதிக்கு ஆன்லைன் நேர்காணல் என்று மூன்றும் ஒரே மாதத்தில் முடிந்துவிட்டன. இடையில் எய்ம்ஸ் தேர்வுக்கும் படிக்கிறாள். குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோகிறாள். எந்த இடத்திலிருந்தும் பதில் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இடத்து மௌனமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. உள்ளே நடப்பது வேறு வேறு.

தனியார் மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்பதை என்னால் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல முடியும். ஐசியூவுக்கு ஆறு பேர் வேண்டும் என்று நர்சிங் சூப்பிரண்டென்ட் கேட்டிருப்பார். நாற்பது பேர் வருவார்கள். முதலில் ஒரு சிறிய எழுத்துத் தேர்வு. 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஏறக்குறைய 21 என்று எழுதியவர்கள் ஒரு பக்கம், பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு பக்கம். பிறகு உள்ளே அழைத்துப் பேசுவோம். என் கையில் இருந்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று குறிகளில் ஒன்று விழும்: டிக், பெருக்கல், வட்டம்.

டிக் விழுந்தவருக்கு இரண்டு மூன்று நாளில் போன் போய்விடும். வார்டில் இருப்பவர்கள் டபுள் டியூட்டி பார்த்துக் களைத்திருக்கும்போது யாரும் ஆற அமர யோசிப்பதில்லை. பெருக்கல் விழுந்தவருக்குப் போன் போகாது. “இல்லை” என்று சொல்வதற்காக ஒரு போன் செய்யும் பழக்கம் நம் ஊர் ஹெச்.ஆர். அலுவலகங்களில் அநேகமாக இல்லை. இரண்டுக்கும் நடுவில் தொங்குவது வட்டம். டிக் வாங்கிய ஆறு பேரில் இருவர் அதற்குள் வேறு இடத்தில் சேர்ந்திருப்பார்கள். ஒருத்தியின் வீட்டில் ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா நிற்பார். அப்போதுதான் வட்டங்களை எடுப்போம். அதற்குள் பத்துப் பதினைந்து நாள் ஓடியிருக்கும். நான்கைந்து வட்டங்களில் யாரை முதலில் கூப்பிடுவோம்? நடுவில் ஒருமுறை போன் செய்து கேட்டவளைத்தான். அவளுக்கு வேலை வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனவே ஒரு வாரம் கழித்துக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஹெச்.ஆர். எண்ணைவிட நர்சிங் அலுவலக எண் பயன்படும். காலை ஷிப்ட் மாறும் நேரத்திலும், ரவுண்ட்ஸ் நேரத்திலும் கூப்பிட்டால் எரிந்து விழுவார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நல்லது. “மேடம், வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை ஐசியூ நேர்காணலுக்கு வந்திருந்தேன். முடிவு தெரிந்ததா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். உடனே சேர முடியும்.” இவ்வளவு போதும். “உடனே சேர முடியும்” என்பதுதான் அதில் முக்கியமான சொல். ஐம்பது படுக்கைக்குள் இருக்கும் மருத்துவமனை என்றால் போன்கூட வேண்டாம், ஃபைலோடு நேரில் போய் நிற்பதே மேல். ஆனால் நாளுக்கு ஒருமுறை கூப்பிட்டால் வட்டம் பெருக்கலாகிவிடும். இருபது நாள் தாண்டியும் பதில் இல்லை என்றால் அந்த வாசலை மறந்துவிடலாம்.

அரசுப் பக்கம் போன் செய்து கேட்பதால் எதுவும் அசையாது. அங்கே மௌனத்துக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் தொடங்கியது. 2015-இல் 7,243 செவிலியர் இடங்களுக்குத் தேர்வு வைத்தபோது நேர்காணலே கிடையாது. மதிப்பெண், இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி, சான்றிதழ் சரிபார்ப்பு, அவ்வளவுதான். சூப்பிரண்டென்டுக்கு நம் முகம் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தனியார் மேசைக்கு முன் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் காத்திருப்பு அங்கே ஆணை கிடைத்த பிறகும் முடிவதில்லை. அந்த அணியில் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பிறகு 14,000, அதன்பின் 18,000. காலமுறை ஊதியம், அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பளம், என்ற சொல்லுக்காக அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், சாலையில் உட்கார்ந்தும் காத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட தற்காலிகச் செவிலியர்களுக்கோ 2022 டிசம்பர் 31-உடன் பணி நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மாவட்ட நலவாழ்வுச் சங்க வேலை இன்னும் மெலிந்த கயிறு. அறிவிப்பிலேயே 11 மாத ஒப்பந்தம், நிரந்தரம் கோர மாட்டேன் என்று உறுதிமொழி எல்லாம் இருக்கும். ஆனாலும் சொந்த மாவட்டத்தில், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடைத்தால் நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஹாஸ்டல் வாடகை, மெஸ் கணக்கு இரண்டையும் கழித்துப் பார்த்தால் பெரிய மருத்துவமனையின் 16,000 ரூபாயைவிடச் சங்க வேலையின் 18,000 ரொம்பவே கூடுதல்.

எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது அவ்வளவு தெளிவு. 2020-இலிருந்து நடக்கிறது. இப்போது முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பு, நேர்காணல் இல்லை. இடங்களில் 80 விழுக்காடு பெண்களுக்கு. அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பட்டியலில் எண் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் கதை முடிந்தது. “எங்களைப் பிடிக்கவில்லையோ” என்று இரவெல்லாம் புரள வேண்டியதில்லை. வயது வரம்பு 30 என்பதுதான் இதில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். என் சித்தி மகளுக்கு 24, அவள் படிக்கட்டும்.

மிகவும் ஏமாற்றும் மௌனம் வளைகுடாவுடையது. ஏனென்றால் அங்கே “செலக்ட் ஆகிவிட்டீர்கள்” என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள், காத்திருப்பு அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் நம் சான்றிதழ்களைக் கல்லூரி வரைக்கும், நர்சிங் கவுன்சில் வரைக்கும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அங்கே வேலை பார்க்க உரிமம் பெறுவதற்கான புரோமெட்ரிக் தேர்வு எழுத வேண்டும். மருத்துவப் பரிசோதனை, விசா முத்திரை. எது எங்கே நிற்கிறது என்று கேட்டால் ஏஜென்ட் “அடுத்த வாரம்” என்பார். அந்த அடுத்த வாரம் ஆறு மாதம்கூட நீளும். டேட்டாஃப்ளோ விண்ணப்ப நிலையை நாமே இணையத்தில் பார்க்கலாம். அந்த எண்ணைக் கொடுக்கத் தயங்கும் ஏஜென்ட் விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பணம் கேட்டால் கூடுதல் எச்சரிக்கை. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். 2015-இல் கொச்சியில் சிபிஐ வழக்குப் பதிவு செய்த குவைத் செவிலியர் மோசடியில், 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. இரண்டு சுழியம்தானே கூடுதல் என்று நினைத்தார்களோ என்னவோ. அதே ஆண்டில்தான் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் செவிலியர்களை அரசு முகமைகள் வழியாக அனுப்பும் விதியை மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த முகமை ஓ.எம்.சி.எல். என்ற அரசு நிறுவனம். தனியார் ஏஜென்டிடம் நேர்காணல் முடித்திருந்தாலும், அந்த இணையதளத்தில் சவுதி அறிவிப்பு வந்திருக்கிறதா என்று ஒரு கண் வைத்திருப்பதில் நட்டம் இல்லை.

இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இது: எதற்காகக் காத்திருப்பது என்பதைவிட, எந்த வேலை மற்ற வாசல்களைப் பூட்டிவிடும் என்று பார்ப்பதே முக்கியம். வீட்டில் சும்மா இருந்து காத்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். எனவே முதலில் அழைப்பவர்களிடம் சேர்ந்துவிடலாம், சம்பளம் கொஞ்சம் குறைவு என்றாலும். ஆனால் அசல் சான்றிதழ்களை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் முதல் வேலையில், பெயர் வேண்டாம், சேர்ந்த அன்றே அசல்களை எல்லாம் வாங்கி நெகிழி உறையில் போட்டு, என் பெயரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, பச்சை நிற பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஓராண்டு கழித்து அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. நான்கு நாள் அவகாசம். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பிறகு இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டினால் தருகிறோம் என்றார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். அசல்கள் கைக்கு வந்தபோது சரிபார்ப்பு நாள் முடிந்திருந்தது.

சித்தி மகளுக்கு இதைச் சொன்னேன். சென்ற திங்கட்கிழமை அவளை ஒரு டயாலிசிஸ் மையத்தில் கூப்பிட்டார்கள். அந்த மாத நேர்காணல்கள் எதிலும் இல்லாத இடம், தோழி சொல்லிப் போனது. 14,000 ரூபாய். அசல்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு, நகல்களை மட்டும் கொடுத்துச் சேர்ந்தாள். வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் போன்.

“அக்கா, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார்கள். என்ன சொல்லட்டும்?”

“இங்கே கையெழுத்துப் போட்ட தாளில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று இருக்கிறது?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் மெஷினின் அலாரம் கேட்டது.

“பார்க்கவில்லையே அக்கா.”